குர்பானி அறுக்கும்போது ஏற்படும் காயங்கள்: தவிர்க்கவும், ஏற்பட்டால் கையாளவும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஆடு, மாடு, ஒட்டகங்களைப் பலியிடும் குர்பானி நடைபெறும் ஹஜ்ஜுப் பெருநாளில், தொழுகை முடிந்து ஓரிரு மணி நேரத்திற்குள் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்கு ஏறத்தாழ ஒரே மாதிரியான காயங்கள் வரத் தொடங்குகின்றன. இடது கைக் கட்டைவிரலின் அடியில் ஆழமான வெட்டு, ஆள்காட்டி விரலில் எலும்பு தெரியும் பிளவு, கத்தி இறங்கிய தொடை, மாடு உதைத்து முறிந்த முன்கை, கயிறு இழுத்துத் தோலுரிந்த விரல் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. 2025ஆம் ஆண்டுப் பெருநாளின் முதல் நாளில் மட்டும் துருக்கியில் 14,000க்கும் மேற்பட்டோர் இவ்வாறு காயமடைந்து மருத்துவமனைக்குச் சென்றதாக அந்நாட்டுச் சுகாதார அமைச்சர் அறிவித்தார். ஆண்டுதோறும் இத்தகைய செய்தி வெளியாகும்போது அந்நாட்டு ஊடகங்கள் காயம்பட்டவர்களைக் ‘கற்றுக்குட்டிக் கசாப்புக்காரர்கள்’ என்று சற்றே கேலியாகக் குறிப்பிடுகின்றன.

அந்தக் கேலியில் பாதி உண்மைதான் இருக்கிறது. அனுபவமின்மை ஒரு காரணம் என்றால், அதைவிடப் பெரிய காரணம் அவசரம். மார்க்கம் தரும் அவகாசம் விரிவானது. துல்ஹஜ் மாதம் 10ஆம் நாள் தொழுகைக்குப் பின் தொடங்கி, ஹனஃபி மத்ஹபின்படி (மார்க்கச் சட்டப் பள்ளியின்படி) 12ஆம் நாள் சூரியன் மறையும் வரையிலும், ஷாஃபிஈ மத்ஹபின்படி 13ஆம் நாள் சூரியன் மறையும் வரையிலும் குர்பானி கொடுக்கலாம். ஆயினும் பெரும்பாலோர் முதல் நாள் நண்பகலுக்குள் அறுத்து, உரித்து, பங்கிட்டு, உறவினர் வீடுகளுக்கு அனுப்பியும் விட வேண்டும் என்று நினைக்கிறார்கள். முந்தைய இரவில் போதிய உறக்கம் இருப்பதில்லை. இப்பெருநாளில் தொழுகைக்கு முன் உண்ணாதிருப்பது சுன்னத் (நபிவழி) என்பதால் வயிறும் காலியாக இருக்கும். அந்த நிலையில் வழக்கமாகக் கத்தியே தொடாத கைகள் ஐந்து மணி நேரம் இடைவிடாமல் அறுக்கின்றன. கூட்டுக் குர்பானிகளில் பல ஆண்டுகள் கயிறு பிடித்தும் கறி பங்கிட்டும் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: நான் கண்ட காயங்களில் பெரும்பாலானவை, ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்று யாரோ ஒருவர் குரல் கொடுத்ததற்குப் பிறகே நிகழ்ந்தன.

ஆகவே இந்த வழிகாட்டியின் படிகள் பெருநாள் காலையில் தொடங்குவதில்லை. அதற்குச் சில வாரங்கள் முன்பே தொடங்குகின்றன.

முதல் படி: யார் அறுப்பது என்பதை முடிவு செய்தல்

தன் குர்பானியைத் தானே அறுப்பது சிறப்பு. ஆனால் அது கட்டாயமில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தமது இறுதி ஹஜ்ஜின்போது 100 ஒட்டகங்களில் 63ஐத் தம் கையால் அறுத்துவிட்டு, எஞ்சியவற்றை அலீ (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். வேறொருவரைப் பொறுப்பாக்கி அறுக்கச் செய்வதற்கு இதைவிடத் தெளிவான முன்மாதிரி தேவையில்லை. கையில் நடுக்கம் உள்ளவர், பார்வை மங்கியவர், இதய நோயாளி, ரத்தம் உறையாமல் இருப்பதற்கான வார்ஃபரின், குளோபிடோக்ரல் போன்ற மாத்திரைகளை உட்கொள்பவர் ஆகியோர் கத்தியைப் பிறரிடம் கொடுத்துவிட்டு அருகில் நிற்பதே அறிவுடைமை. இத்தகைய மாத்திரை உட்கொள்பவருக்குச் சிறிய வெட்டுகூட நெடுநேரம் ரத்தம் கசியும். கருவுற்ற பெண்கள் ரத்தத்தையும் உள்ளுறுப்புகளையும், குறிப்பாகக் கருப்பையையும், தொடாமல் இருக்க வேண்டும். கருவைப் பாதிக்கக்கூடிய சில தொற்றுகள் அவற்றின் வழியாகப் பரவுகின்றன.

ஆடு, மாடு, ஒட்டகம் மூன்றையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கக்கூடாது. வெள்ளாட்டையும் செம்மறியையும் பழக்கமுள்ள இருவர் கையாண்டுவிடலாம். மாடு அப்படியன்று. அது 300 கிலோவுக்கு மேல் எடையுள்ள, அச்சத்தில் எந்தத் திசையிலும் பாயக்கூடிய பிராணி. ஒரு மாட்டின் குர்பானியில் ஏழு பங்குதாரர்கள் சேர்ந்துவிட்டார்கள் என்பதற்காக ஏழு அனுபவசாலிகள் சேர்ந்துவிட்டதாகப் பொருளில்லை. ஒட்டகத்தை நிற்க வைத்து, இடது முன்காலை மடக்கிக் கட்டி, கழுத்தின் அடியில் குத்தி அறுக்கும் ‘நஹ்ர்’ முறை தனிப் பயிற்சி பெற்றவருக்கே உரியது. ஒட்டகம் நான்கு கால்களாலும் உதைக்கும், கடிக்கும், சில வேளைகளில் மார்பால் அழுத்தி நசுக்கவும் செய்யும்.

பிராணிகளை அறுக்கும் அறுவைக்கூடம் எட்டும் தூரத்தில் இருந்தால் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். பல நாடுகளில் குறிப்பிட்ட இடங்களுக்கு வெளியே அறுப்பதற்குச் சட்டமே அனுமதிப்பதில்லை. ஹஜ் பயணிகளின் குர்பானியைப் பொறுப்பேற்று நிறைவேற்றும் திட்டம் சவூதி அரேபியாவில் 1983 முதல் இயங்கி வருகிறது. ஹஜ்ஜின்போது மக்காவை அடுத்த மினாவுக்குச் செல்லும் இலட்சக்கணக்கானோர் அறுவைக்களத்தைப் பார்க்காமலேயே தம் கடமையை நிறைவேற்றித் திரும்புகிறார்கள்.

இந்தக் கட்டத்திலேயே முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. அறுக்கவோ உரிக்கவோ துண்டு போடவோ போகிறவர்கள் கடைசியாக டெட்டனஸ் தடுப்பூசி போட்டுக்கொண்டு எத்தனை ஆண்டுகள் ஆயின என்று கணக்குப் பார்க்க வேண்டும். பத்தாண்டுகளைக் கடந்திருந்தால், பெருநாளுக்குச் சில வாரங்கள் முன்பே ஊசி போட்டுக்கொள்வது நல்லது. டெட்டனஸ் கிருமி மண்ணிலும் கால்நடைச் சாணத்திலும் வாழ்வது. அறுவைக்களத்தில் இந்த இரண்டுக்கும் பஞ்சமில்லை.

இரண்டாம் படி: கத்தியைத் தயார் செய்தல்

“நீங்கள் அறுத்தால் அழகிய முறையில் அறுங்கள், உங்களில் ஒருவர் தமது கத்தியைத் தீட்டிக்கொள்ளட்டும், தாம் அறுக்கும் பிராணிக்கு நிம்மதி அளிக்கட்டும்” என்ற கருத்தில் ஷத்தாத் பின் அவ்ஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி ‘ஸஹீஹ் முஸ்லிம்’ என்னும் நபிமொழித் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. பிராணியின் நன்மைக்காகச் சொல்லப்பட்ட இந்தக் கட்டளை அறுப்பவரின் விரல்களையும் காக்கிறது. மழுங்கிய கத்தியை அழுத்த வேண்டியிருக்கும்; அழுத்தும்போது கை தன் கட்டுப்பாட்டை இழக்கும்; எலும்பிலோ தசைநாணிலோ மோதி வழுக்கிய கத்தி அதே வேகத்தில் எதிரே உள்ள கையில் இறங்கும். கூரிய கத்தி வெட்டினால் ஆழமாக வெட்டும் என்பது உண்மையே. ஆயினும் அது போகச் சொன்ன இடத்துக்குப் போகும். மழுங்கிய கத்தி போகாது.

ஒரே கத்தியால் எல்லா வேலையையும் செய்வது வழக்கமான தவறு. கழுத்தை அறுக்க நீண்ட, நேரான கத்தி வேண்டும். ஆட்டுக்கு எட்டு அங்குல அலகும் மாட்டுக்குப் பன்னிரண்டு அங்குலமோ அதற்கு மேலோ உள்ள அலகும் பொருத்தமானவை. தோலுரிக்க நுனி மேல்நோக்கி வளைந்த குட்டையான கத்தியும், எலும்பிலிருந்து கறியைப் பிரிக்க ஒடுங்கிய ஆறங்குலக் கத்தியும், எலும்பை வெட்டக் கனமான வெட்டுக்கத்தியும் தனித்தனியே தேவை. பிடியைத் தேர்ந்தெடுக்கும்போது அதைத் தண்ணீரில் நனைத்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். ரத்தமும் கொழுப்பும் படிந்தபின் வழவழப்பான பிடி கையிலிருந்து முன்னோக்கி நழுவும். பிடிக்கும் அலகுக்கும் இடையே தடுப்பு இல்லாத கத்தியில் விரல்கள் நேராக அலகின் மீது சென்றுவிடும்.

தீட்டுவதை முந்தைய நாளே முடித்துவிட வேண்டும். கல்லின் மீது ஏறத்தாழ 20 டிகிரி சாய்வில் இருபுறமும் சமமாகத் தேய்த்து, தொங்கவிட்ட செய்தித்தாளை மேலிருந்து கீழாக அறுத்துப் பார்த்தால் கூர்மை தெரிந்துவிடும். தாள் கிழியாமல் பிளந்தால் கத்தி தயார். வேலைக்கு நடுவே தீட்டும் பொறுப்பை ஒருவருக்கு மட்டும் கொடுத்து, பிராணிகளின் பார்வையில் படாத ஓரிடத்தில் அமரச் செய்ய வேண்டும். பிராணியின் முன்னால் கத்தி தீட்டுவதை நபிமொழி கண்டித்துள்ளது என்பதை இங்கே நினைவுகூர்வது பொருத்தம்.

மூன்றாம் படி: இடமும் உடையும்

தரை வழுக்கக்கூடாது, சரிவு இருந்தால் ரத்தம் ஆட்கள் நிற்கும் பக்கம் வரக்கூடாது, பிராணியின் கயிறு எட்டும் வட்டத்துக்குள் சிறுவர்கள் இருக்கக்கூடாது. இந்த மூன்றும் இருந்தால் இடம் போதுமானது. மணலோ மரத்தூளோ தூவி வைத்தால் கால் பிடிமானம் கிடைக்கும். பெருநாள் உடையின் நீண்ட அங்கியுடனும் செருப்புடனும் களத்தில் இறங்குவது நம்மிடையே சாதாரணமாகக் காணப்படும் காட்சி. அங்கி கயிற்றில் மாட்டும். செருப்பு ரத்தத்தில் வழுக்கும். கீழே விழும் கத்தி வெறும் பாதத்தில் குத்தும். மூடிய காலணியும், முழங்காலுக்குக் கீழ் வரை வரும் தடித்த முன்னங்கியும் அணிய வேண்டும். மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட வேண்டும். சுத்தமான துணிகள், அகலக் கட்டுத்துணி, குடிநீர், பிளாஸ்டிக் பைகள், பனிக்கட்டி ஆகியவற்றைக் கைக்கெட்டும் ஒரு பெட்டியில் வைத்து, அருகிலுள்ள அவசரப் பிரிவுக்குச் செல்ல ஒரு வண்டியையும் ஓட்டுநரையும் முன்கூட்டியே குறித்துக்கொண்டால் ஆயத்தம் முடிந்தது.

நான்காம் படி: பிராணியைச் சாய்த்தல்

உதையும் முட்டும் கயிற்றுக் காயமும் பெரும்பாலும் இந்தச் சில நிமிடங்களில்தான் ஏற்படுகின்றன. பத்துப் பேர் சேர்ந்து கத்திக்கொண்டே ஒரு மாட்டின் மீது விழுந்து அதைத் தரையில் தள்ள முயல்வதைப் பார்க்கும்போதெல்லாம் அடுத்து நடக்கப்போவது என்னவென்று சொல்லிவிடலாம். கூச்சல் கூடக்கூட அதன் மிரட்சியும் கூடும்.

மாட்டின் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருப்பதால் அது ஏறத்தாழ 330 டிகிரி பார்க்கும். நேர் பின்புறம் மட்டும் அதற்குத் தெரியாது. அந்தப் பக்கமாகச் சத்தமின்றி நெருங்கும் ஆளை அது அச்சுறுத்தலாகவே எடுத்துக்கொள்ளும். பின்னால் மட்டுமே உதைக்கும் என்று எண்ணிப் பக்கவாட்டில் நிற்பவர்களும் ஏமாறுகிறார்கள். மாடு பின்காலை முன்னோக்கி வளைத்து, தன் தோள் வரைக்கும் எட்டும்படி வீசி உதைக்கும். ஆகவே நெருங்குவது தோள்பட்டையின் பக்கமாக, அது பார்க்கும்படியாக, மெல்லப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். முந்தைய நாளிலிருந்தே அதற்குத் தீவனமும் தண்ணீரும் வைத்துப் பழகிய ஒருவர் தலைக்கயிற்றைப் பிடிப்பது வேலையைப் பாதியாகக் குறைக்கும். அதன் முன்னால் மற்றொரு பிராணியை அறுப்பதைத் தவிர்க்க வேண்டும் என்று மார்க்கம் சொல்வதும் இங்கே பயன் தருகிறது.

சாய்ப்பதற்கு 10 முதல் 12 மீட்டர் நீளமுள்ள, கைக்கு அடங்கும் தடிமனான ஒரே கயிறு போதும். முதலில் தலைக்கயிற்றை உறுதியான தூணில், தரைக்கு அருகே, ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகக் கட்ட வேண்டும். பிறகு நீண்ட கயிற்றின் முனையைக் கழுத்தின் அடியைச் சுற்றி, இழுத்தால் இறுகாத முடிச்சாகப் போட வேண்டும். இறுகும் முடிச்சு மூச்சை அடைத்து மாட்டை வெறிகொள்ளச் செய்யும். மீதிக் கயிற்றை முதுகின் மேலாகக் கொண்டுசென்று, முன்கால்களுக்குச் சற்றுப் பின்னால் மார்பைச் சுற்றி ஒரு சுருக்கும், பின்கால்களுக்குச் சற்று முன்னால் அடிவயிற்றைச் சுற்றி மற்றொரு சுருக்கும் போட்டுவிட்டு, இருவர் நேர் பின்புறமாக, உதைக்கு எட்டாத தூரத்தில் நின்று, ஒரே சீராக இழுக்க வேண்டும். வெட்டி வெட்டி இழுத்தால் மாடு எதிர்த்து நிற்கும். சீரான அழுத்தத்தில் அதன் கால்கள் தாமாக மடிந்து, அது படுத்துவிடும். தூக்கி வீழ்த்த வேண்டிய தேவையே இராது.

கயிற்றை ஒருபோதும் கையிலோ மணிக்கட்டிலோ சுற்றிக்கொள்ளக்கூடாது. மாடு திடீரென இழுக்கும்போது சுற்றிய கயிறு விரலை நசுக்கும். மோதிரம் அணிந்த விரலாக இருந்தால் கையுறையைக் கழற்றுவதுபோல் தோலையும் சதையையும் சேர்த்து உரித்தெடுக்கும். மறுபடி ஒட்ட முடியாத விரல்களில் பல இப்படிப் போனவைதாம். பிடி தளர்ந்தால் கயிறு போகட்டும் என்று விட்டுவிடும் நிலையில் எப்போதும் இருக்க வேண்டும். மாடு தப்பி ஓடினால் துரத்துவதும் கூடாது. பாதையிலிருந்து மக்களை விலக்கி, அதைத் தனியே விட்டு, அது அமைதியடைந்தபின் பழகியவர் தீவனத்துடன் அணுகுவதே பயன் தரும்.

ஆட்டுக்கு இவ்வளவும் வேண்டாம். அதன் இடப்புறம் நின்று, முதுகின் மேலாகக் கைகளை நீட்டி, மறுபக்கத்து முன்காலையும் விலாவையும் பிடித்து, முழங்காலில் தாங்கி மெல்லச் சாய்த்தால், அது இடப்புறமாகப் படுக்கும். முதுகு நம் பக்கமும் கால்கள் எதிர்ப்பக்கமும் அமையும். ஆடானாலும் மாடானாலும், படுத்தபின் ஆட்கள் அனைவரும் முதுகுப் பக்கம் மட்டுமே நிற்க வேண்டும். கால்களின் பக்கம் நிற்பதற்கு யாருக்கும் எந்தக் காரணமும் இல்லை.

ஐந்தாம் படி: அறுக்கும் கணமும் அதன்பின் வரும் நிமிடங்களும்

அறுப்பவர் ஒருவர், தலையைப் பிடிப்பவர் ஒருவர், கயிறு பிடிப்பவர்கள் இருவர்; அதற்கு மேல் ஆள் தேவையில்லை. தலையைப் பிடிப்பவர் தாடையைப் பின்னோக்கி வளைத்துப் பிடிக்கும்போது அவருடைய விரல்கள் கத்தி செல்லும் பாதைக்குள் வந்துவிடுவது அடிக்கடி நேர்கிறது. எனவே அறுப்பவர் பிஸ்மில்லாஹ்வும் தக்பீரும் (இறைவனின் பெயரையும் பெருமையையும் கூறும் சொற்களை) சொல்வதற்கு முன், ‘கை எங்கே?’ என்று ஒருமுறை கேட்டுக்கொள்வதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். மூச்சுக்குழாய், உணவுக்குழாய், இருபுறத்து ரத்தக்குழாய்கள் ஆகியவை கூரிய கத்திக்குச் சில நொடிகளில் அறுபட்டுவிடும். அறுத்த உடனே கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு பின்வாங்காமல், முன்பே குறித்துவைத்த தட்டிலோ பெட்டியிலோ வைத்துவிட வேண்டும். கத்தியும் கையுமாக ரத்தத்தில் வழுக்கி விழுந்தவரின் காயம் பெரும்பாலும் அவரோடு நிற்காது; பக்கத்தில் இருப்பவரையும் தொடும்.

பெரிய அளவில் அறியப்படாத செய்தி ஒன்று உண்டு. ஆட்டுக்கு அறுபட்டவுடன் மூளைக்குச் செல்லும் ரத்தம் ஏறக்குறைய நின்றுவிடுவதால் அது சில நொடிகளில் நினைவிழக்கிறது. மாட்டுக்கோ முதுகெலும்பை ஒட்டிச் செல்லும் தமனிகள் அறுபடாமல் மூளைக்குத் தொடர்ந்து ஓரளவு ரத்தத்தைக் கொண்டுசெல்வதால், நினைவிழக்கக் கூடுதல் நேரம் பிடிக்கலாம். அந்நேரத்தில் அது எழ முயலக்கூடும். நினைவிழந்த பிறகும் கால்கள் வலுவாக உதறும். அது தசைகளின் தன்னிச்சையான அசைவு என்றாலும் எலும்பை முறிக்கும் வலு அதற்கு உண்டு. கண்மணியை மெல்லத் தொட்டால் இமை அசையாதிருப்பதும், ரத்தம் வடிவது ஓய்வதும், உடல் முழுவதும் அடங்குவதும் உறுதியாகும் வரை கயிற்றை அவிழ்க்கவோ தோலைத் தொடவோ கூடாது. உயிர் அடங்கும் முன் உரிக்கத் தொடங்குவதை மார்க்க அறிஞர்களும் வெறுக்கத்தக்கதாகவே கருதுகிறார்கள். அடுத்த பிராணி காத்திருக்கிறது என்பது காரணமாகாது. அடுத்த நாளும் இருக்கிறது.

ஆறாம் படி: தோலுரித்தலும் துண்டு போடுதலும்

பிராணி அடங்கியதும் ஆபத்து முடிந்துவிட்டதாக எல்லோரும் மூச்சு விடுகிறார்கள். கைக் காயங்கள் உண்மையில் இனிமேல்தான் தொடங்குகின்றன. கழுத்தை அறுப்பது ஒரே கணத்து வேலை. அதில் எல்லோர் கவனமும் குவிந்திருக்கும். உரிப்பதும் வெட்டுவதும் மணிக்கணக்கில் நீள்பவை. அவற்றில் ஆயிரக்கணக்கான அசைவுகள் உண்டு. பேச்சும் சிரிப்பும் நடுவே ஓடும்.

வெட்டுப்படுவது பெரும்பாலும் கத்தி பிடிக்காத கைதான். வலக்கைப் பழக்கமுள்ளவருக்கு இடது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், உள்ளங்கை ஆகியவையே முதலில் அடிபடும். அந்தக் கைக்குச் சங்கிலிப் பின்னல் கையுறையோ வெட்டைத் தாங்கும் இழைக் கையுறையோ அணிந்தால் பெரும்பாலான காயங்கள் இல்லாமலே போகும். இழைக் கையுறை வெட்டைத் தடுக்கும். நுனியால் குத்தினால் தடுக்காது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். கையுறை இல்லையென்றால், இடது கை எப்போதும் அலகுக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும் என்ற ஒரே விதியையாவது கடைப்பிடிக்க வேண்டும். கறியைப் பிடித்திருக்கும் கையை நோக்கிக் கத்தியை இழுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த விதி மீறப்படுகிறது.

ஒருமுறை என் அருகில் அமர்ந்து தொடை எலும்பிலிருந்து கறியைப் பிரித்துக்கொண்டிருந்த இளைஞர் ஒருவரின் கத்தி, மூட்டின் வெள்ளைச் சவ்வில் ஒரு கணம் சிக்கியது. அவர் சற்று வேகமாக இழுத்தார், சவ்வு விட்டுக்கொடுத்தது, நுனி அவருடைய இடது கட்டைவிரலின் உட்புறத்தைத் தொட்டுவிட்டுப் போனது. வெட்டின் நீளம் இரண்டு சென்டிமீட்டர்கூட இராது. கழுவி, துணி சுற்றிக்கொண்டு, மாலை வரை வேலை செய்தார். இரவு உணவின்போது தட்டில் உள்ளதை எடுக்க முயன்றபோதுதான் கட்டைவிரலின் மேல்மூட்டு மடங்கவில்லை என்று கண்டார். மடக்கும் தசைநாண் முழுவதுமாக அறுந்திருந்தது. அறுவைச் சிகிச்சையும் பல வாரப் பயிற்சியும் ஆனபின்பே விரல் வேலைக்கு வந்தது.

தோலுரிக்கும்போது முதல் கீறல்களுக்கு மட்டும் கத்தியைப் பயன்படுத்தி, பிறகு இறுக மூடிய முஷ்டியைத் தோலுக்கும் சதைக்கும் நடுவே செலுத்தித் தள்ளுவதே தேர்ந்தவர்களின் முறை. உடல் சூடாக இருக்கும்போது தோல் எளிதில் பிரிந்து வரும், தோலும் ஓட்டையாகாது. காற்றழுத்தக் குழாயால் தோலுக்கடியில் காற்றடித்து உரிக்கும் குறுக்குவழியை வீட்டளவில் முயலவே கூடாது. மாட்டைத் தொங்கவிடுவதாக இருந்தால் கொக்கியும் சங்கிலியும் அதன் எடையைத் தாங்குமா என்பதை முன்பே சோதிக்க வேண்டும். கிளையில் கயிறு போட்டு ஏற்றுவது சோதனையாகாது.

தரையில் காலை விரித்து அமர்ந்து, கறியை மடிக்கு அருகே வைத்துத் தன்னை நோக்கி அறுப்பதுதான் எல்லாவற்றிலும் அபாயகரமானது. வழுக்கிய கத்தி உள்தொடையில் இறங்கினால், அங்கே ஓடும் பெரிய தமனி அறுபட்டு, சில நிமிடங்களிலேயே உயிர் போகும் அளவுக்கு ரத்தம் வெளியேறிவிடும். இடுப்பளவு உயரமுள்ள உறுதியான மேசையில், நின்றபடி, உடலிலிருந்து விலகிச் செல்லும் திசையில் வெட்ட வேண்டும். ஒரே உடலில் இருவர் வேலை செய்தால் ஒருவரின் கை நீட்டத்துக்குள் மற்றவர் வரக்கூடாது. கத்தியைக் கையிலிருந்து கைக்கு மாற்றாமல், கீழே வைத்து எடுக்க வேண்டும். விழும் கத்தியைப் பிடிக்க முயலாமல் காலைப் பின்னால் எடுத்துக்கொள்ள வேண்டும். எலும்பு வெட்டும்போது பிடித்திருக்கும் கை வெட்டுமிடத்திலிருந்து குறைந்தது ஒரு சாண் தள்ளி இருக்க வேண்டும். தெறிக்கும் சில்லுகள் கண்ணில் படாமலிருக்கச் சாதாரணக் கண்ணாடியாவது அணிய வேண்டும். கறி அரைக்கும் இயந்திரத்தில் கறியைத் தள்ள விரலைப் பயன்படுத்தக்கூடாது. அதற்கென்றே ஒரு தள்ளுகட்டை அதனுடன் வருகிறது.

ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் நிறுத்தி, கை கழுவி, ஏதேனும் உண்டு, நீர் அருந்தி, கத்தியைத் தீட்டிக்கொண்டு தொடர்வது நேர விரயமாகத் தோன்றும். அன்று நான் செய்யும் ஏற்பாடுகளில் மிகவும் பலன் தருவதாக நான் கண்டது இந்தப் பத்து நிமிடம்தான்.

ஏழாம் படி: காயம் பட்டவுடன்

முதலில் கத்திகள் கீழே வைக்கப்பட வேண்டும். பிறகுதான் காயம்பட்டவரைச் சூழ வேண்டும். சுத்தமான துணியை மடித்து, காயத்தின் மீது நேராக வைத்து, முழு உள்ளங்கையால் விடாமல் பத்து நிமிடம் அழுத்த வேண்டும். இடையில் எடுத்துப் பார்த்தால் உறையத் தொடங்கிய ரத்தம் கலைந்து, கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வைத்து, இன்னும் வலுவாக அழுத்த வேண்டும். மஞ்சள் தூள், காப்பித் தூள், சாம்பல், புகையிலை ஆகிய எதையும் காயத்தில் இடக்கூடாது. அவை கிருமியைக் கொண்டுசேர்ப்பதோடு, காயத்தின் ஆழத்தை மருத்துவர் காண முடியாதபடி மறைத்தும் விடும். மோதிரம் கழற்றப்படாமல் இருந்தால் வீக்கம் வருவதற்குள் கழற்றிவிட வேண்டும்.

ரத்தம் துடித்துத் துடித்துப் பீறிட்டாலோ, அழுத்தியும் நிற்காமல் வழிந்தாலோ, கை கால்களில் இறுக்குக்கட்டுப் போட வேண்டும். காயத்துக்கு மேலே, உடலை நோக்கிய பக்கத்தில், ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் தள்ளி, மூட்டின் மீது படாமல், குறைந்தது மூன்று விரல் அகலமுள்ள துணியைச் சுற்றி முடிந்து, அதன் மேல் ஒரு உறுதியான குச்சியை வைத்து மீண்டும் முடிந்து, ரத்தம் நிற்கும் வரை குச்சியைத் திருகி, அவிழாதபடி கட்ட வேண்டும். மெல்லிய கயிறோ கம்பியோ பயன்படுத்தினால் சதையை அறுக்கும். கட்டிய நேரத்தைக் காயம்பட்டவரின் நெற்றியிலோ கையிலோ எழுதிவைத்து, மருத்துவமனையில்தான் அவிழ்க்க வேண்டும். தொடை இடுக்கு போன்ற கட்டுப் போட முடியாத இடங்களில் துணியைக் காயத்துக்குள் திணித்து, முழு உடல் எடையையும் கொடுத்து அழுத்திக்கொண்டே வண்டியில் ஏற்ற வேண்டும். கத்தி உடலிலேயே குத்தி நின்றால் அதைப் பிடுங்கக்கூடாது. அதுவே அங்குள்ள ரத்தக்குழாயை அடைத்திருக்கலாம். இருபுறமும் துணிச்சுருள்களை வைத்து, அசையாமல் கட்டிக் கொண்டுசெல்ல வேண்டும்.

விரல் துண்டானால் அத்துண்டைத் தேடி எடுத்து, சுத்தமான நீரில் மேலோட்டமாக அலசி, ஈரத் துணியில் சுற்றி, தண்ணீர் புகாத பையில் இட்டு மூடி, அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைக்க வேண்டும். பனிக்கட்டியின் மீது நேராக வைத்தால் திசு உறைந்து கெட்டுவிடும். இப்படிக் குளிர்வித்த விரல் ஏறத்தாழ 24 மணி நேரம் வரையிலும் மறுபடி இணைக்கத் தக்கதாக இருக்கலாம். குளிர்விக்காத விரலுக்கு அதில் பாதி அவகாசமே உண்டு. நுண் அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனை எது என்பதைத் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் புறப்பட்டால் அந்த அவகாசம் அலைச்சலில் கரையாது.

உதைபட்டவருக்கு வெளியே காயம் இல்லாவிட்டாலும் வயிற்றிலோ மார்பிலோ அடி விழுந்திருந்தால் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். மண்ணீரலும் கல்லீரலும் உள்ளே கிழிந்து, சில மணி நேரம் கழித்தே மயக்கம் வருவதுண்டு. மார்பில் இறுக்கமும் வியர்வையுமாக ஒருவர் ஓரத்தில் அமர்ந்தால், அதைக் கயிறு இழுத்த களைப்பு என்று எண்ணாமல் மாரடைப்பாகவே கருதி உடனே கொண்டுசெல்ல வேண்டும்.

எட்டாம் படி: மருத்துவமனையில் சொல்ல வேண்டியவை, கேட்க வேண்டியவை

பெருநாள் அன்று அவசரப் பிரிவில் கூட்டம் மிகுதியாக இருக்கும். தையல் போட்டு அனுப்பிவிடுவது எளிது. ஆகவே, நோயாளியே சிலவற்றைக் கேட்டுப் பெற வேண்டும். தையலுக்கு முன் ஒவ்வொரு விரல் மூட்டையும் தனித்தனியே மடக்கவும் நீட்டவும் முடிகிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். விரல் நுனியின் இருபுறமும் தொட்டால் உணர்வு இருக்கிறதா என்பதும் சோதிக்கப்பட வேண்டும். மரப்பு இருந்தால் நரம்பு அறுந்திருக்கலாம். மரப்பு ஊசி போட்டபின் இந்தச் சோதனைக்குப் பொருளில்லை. மடக்கும் தசைநாண் அறுந்திருந்தால் சில நாட்களுக்குள் தைப்பதே நல்லது. தாமதித்தால் அறுந்த முனை உள்ளங்கைக்குள் சுருங்கிச் சென்றுவிடும்.

இத்தகைய காயங்கள் மண்ணும் சாணமும் பட்டவை என்பதால், கடைசி டெட்டனஸ் ஊசிக்குப் பின் ஐந்தாண்டுகள் கடந்திருந்தாலே மறு ஊசி தேவைப்படும். சிறுவயதுத் தடுப்பூசிகள் முழுமையாகப் போடப்படாதவருக்கு எதிர்ப்புப் புரத ஊசியும் சேர்த்துத் தேவைப்படும். உட்கொள்ளும் மாத்திரைகள், ஒவ்வாமை, காயம் ஏற்பட்ட நேரம், அது கத்தியாலா எலும்பாலா கொம்பாலா என்பது, எந்தப் பிராணி என்பது ஆகியவற்றையும் சொல்ல வேண்டும்.

ஒன்பதாம் படி: அடுத்த நாட்களிலும் வாரங்களிலும்

காயம் சிவந்து, சூடாகி, சீழ் வைத்தால் மறுபடி காட்ட வேண்டும் என்பது எல்லோரும் அறிந்ததே. பிராணிகளிடமிருந்து வரும் நோய்கள் சற்று வேறு முகம் காட்டுபவை. செம்மறியையும் வெள்ளாட்டையும் கையாண்டவரின் விரலில் மூன்று முதல் ஏழு நாட்களில் சிவந்த, நடுவில் வெளிறிய, நீர் கோத்த முடிச்சு ஒன்று தோன்றினால், அது பெரும்பாலும் ‘ஆர்ஃப்’ என்னும் வைரஸ் தொற்றாக இருக்கும். அது சில வாரங்களில் தானே ஆறிவிடும். சீழ் என்று நினைத்துக் கீறக்கூடாது. வலியில்லாத கொப்புளம் உடைந்து, நடுவில் நிலக்கரி போன்ற கரிய பொருக்குடனும் சுற்றிலும் வீக்கத்துடனும் மாறினால் அது ஆந்த்ராக்ஸாக இருக்கக்கூடும். அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். தாடை இறுகி வாய் திறக்க முடியாமற்போவது டெட்டனஸின் தொடக்கம்; காயம் ஆறிவிட்டதுபோல் தோன்றும் மூன்றாம் வாரத்தில்கூட அது வரலாம். மாலையில் ஏறி இறங்கும் காய்ச்சலும் மூட்டுவலியும் வாரக்கணக்கில் நீடித்தால், கால்நடைகளிடமிருந்து தொற்றும் பாக்டீரியா நோயான புருசெல்லோசிஸுக்கான சோதனை தேவை.

துருக்கி, ஈரான், ஈராக், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் முதலிய நாடுகளில் இருப்பவர்கள் கிரிமியன்-காங்கோ ரத்தக்கசிவுக் காய்ச்சலைத் தனியே நினைவில் வைக்க வேண்டும். இந்த வைரஸ் உண்ணிகளிடமிருந்து கால்நடைகளுக்கு வருகிறது. பிராணி எந்த நோய்க்குறியும் காட்டாது. ஆனால் ரத்தத்தில் வைரஸ் இருக்கும் சில நாட்களுக்குள் அறுத்தால், அறுப்பவரின் கைக் கீறல்கள் வழியாக அது நுழைகிறது. பிராணியின் மேலுள்ள உண்ணியை வெறும் விரலால் நசுக்குவது அதே ஆபத்தை வரவழைக்கும். ரத்தம் பட்ட ஐந்தாறு நாட்களில், அதிகபட்சம் 13 நாட்களுக்குள், திடீர்க் காய்ச்சலும் கடும் தலைவலியும் தசைவலியும் தொடங்கி, பிறகு ஈறிலும் தோலிலும் ரத்தக்கசிவு வரலாம். அக்காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் உட்கொள்ளக்கூடாது. அது கசிவை மிகுதியாக்கும்.

நுரையீரலிலோ கல்லீரலிலோ நீர்க்கட்டிகள் காணப்பட்டால் அந்த உறுப்பை நாய்களுக்குப் போடாமல் ஆழக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். நாயின் குடலில் அந்தக் கட்டிகளிலிருந்து நாடாப்புழு வளர்ந்து, அதன் முட்டைகள் அடுத்த ஆண்டு நம் வீட்டுப் பிள்ளைகளின் வயிற்றுக்கே திரும்பி வரும்.

பெருநாள் கழிந்து இரண்டு மாதங்களுக்குள் எந்தக் காய்ச்சலுக்காக எந்த மருத்துவரிடம் சென்றாலும், குர்பானியில் ஆடு மாடுகளைக் கையாண்டதையும் அது எந்தத் தேதி என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான மருத்துவர்களுக்கு அதைக் கேட்கத் தோன்றாது.